நன்றாக இருக்கும்போதே ஒரு நாள்



உங்கள் வீட்டு அலமாரியில், பிறப்புப் பத்திரங்களோடு சேர்த்து ஒரு பழைய புத்தகத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பீர்கள். கடைசிப் பிள்ளையைச் சுமந்தபோது தாய்சேய் நலக் கிளினிக்கில் கொடுத்த புத்தகம் அது. எடுத்துப் பாருங்கள். எத்தனை தேதிகள்! ஒவ்வொரு தேதிக்கும் எதிரே உங்கள் எடை, இரத்த அழுத்தம், இரத்தத்தின் அளவு, சிறுநீர்ச் சோதனை எல்லாம் மிஸியின் கையெழுத்தில் இருக்கும். உங்கள் நிலைமைக்கு ஏற்ப வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு வண்ண அடையாளமும் ஒட்டியிருப்பார்கள். மஞ்சளோ சிவப்போ ஒட்டிவிட்டால் வீடே பதறியிருக்கும். கிளினிக்குக்குக் கூட்டிப்போக யாராவது ஒருவர் வேலைக்கு லீவு போட்டிருப்பார்.

அந்தப் புத்தகத்தில் கடைசித் தேதி எது? அதற்குப் பிறகு உங்கள் இரத்த அழுத்தத்தை யார் பார்த்தார்கள்?

பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கையை வாங்க வரும் தாய்மார்களிடம் நான் இதைக் கேட்பதுண்டு. பெரும்பாலும் சிரிப்புத்தான் பதில். "அதெல்லாம் புள்ளைக்காகப் போனது, டீச்சர். எனக்கு என்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்பார்கள். இந்தப் பதிலில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. வயிற்றில் பிள்ளை இருந்தால்தான் நம் உடம்புக்கு மதிப்பு என்பது ஒன்று. நோய் வந்த பிறகுதான் கிளினிக் என்பது மற்றொன்று.

இரண்டாவது எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்ததுண்டா? நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரஸரும் எதற்கு இருந்தார்கள்? விடியற்காலைப் பெரட்டில் நிற்க முடியாதவன்தான் நோயாளி. நிற்க முடிந்தால் காண்டாவைத் தூக்கிக்கொண்டு பால்மரத்துக்குப் போக வேண்டியதுதான். காய்ச்சலுக்கு மருந்து, காயத்துக்குக் கட்டு. நிற்கிறவளைக் கூப்பிட்டு "உள்ளே எப்படி இருக்கிறது" என்று கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. இன்று பல தோட்டங்கள் வீடமைப்புத் தமான்களாகிவிட்டன. நம் பெண்களில் பாதிப்பேர் செனாவாங் பக்கமும் சுங்கை காடுட் பக்கமும் தொழிற்சாலை பஸ் ஏறுகிறார்கள். பெரட்டு போய்விட்டது. பெரட்டுக் கணக்கு மட்டும் நம் மனத்தைவிட்டுப் போகவில்லை.

பெண்ணுக்கு வரும் நோய்களில் சில, நிற்க முடியாத நிலையைக் கடைசியில்தான் கொண்டுவரும். அதுவரை ஒரு வலியும் தெரியாது. அவற்றில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றித்தான் இந்த முறை கொஞ்சம் விவரமாக எழுத நினைக்கிறேன். வெட்கத்தினால் அதிகம் பேசப்படாத நோய் அது. முன்கூட்டியே பார்த்தால் ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடக் கூடிய நோயும் அதுவே.

கர்ப்பப்பையின் அடிப்பாகம் குறுகி, பிறப்புறுப்பின் உள்முனையில் வந்து சேரும் இடத்தைக் கர்ப்பப்பை வாய் என்கிறோம். எச்.பி.வி. என்ற ஒரு வகைக் கிருமி தாம்பத்திய உறவின் வழியாக அங்கே வந்து சேர்கிறது. இதைக் கேட்டவுடன் யாரும் கணவனையோ மனைவியையோ சந்தேகத்தோடு பார்க்க வேண்டாம். ஒரே துணையோடு ஒழுக்கமாக வாழ்ந்தவர்களுக்கும் இது வரும். உறவு வாழ்க்கையுள்ள மனிதர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தக் கிருமி வந்து போகிறது. பலருக்கு ஓரிரண்டு ஆண்டுகளில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் போகாமல் தங்கி, அந்த இடத்துச் செல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிறது. அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் வரை ஆகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளே போதும்.

அத்தனை ஆண்டுகள் நமக்குக் கிடைக்கும் அவகாசம். அந்தக் காலத்தில் ஒருநாள் போய்ப் பார்த்திருந்தால், கெட்டுவரும் அந்தச் சிறு பகுதியை மட்டும் உறையவைத்தோ வெட்டியோ எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். அவகாசம் முடிந்த பிறகு போனால் பெரிய அறுவை சிகிச்சை, கதிர் சிகிச்சை என்று ஆகிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு தாய், பேர் வேண்டாம், செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை செய்தவர். மாதவிலக்கு நின்று மூன்று வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் உதிரம் பட்டது. உடம்புச் சூடு என்று இளநீர் குடித்தார். பிறகு வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். மகளிடம் சொல்லவில்லை, மருமகன் வீட்டில் இருக்கும்போது இதை எப்படிச் சொல்வது? எட்டு மாதம் துணியை மறைத்து மறைத்துத் துவைத்திருக்கிறார். இடுப்பு வலி பொறுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் சிறுநீர்ப்பை வரைக்கும் பரவியிருந்தது. அந்த வருஷத்துத் தீபாவளியை அவர் பார்க்கவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று மகள் அழுகிறாள். நான் அவளிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால், ஒரு குறையும் இல்லாத நாளில் வந்திருந்தால் அந்த நோய் வந்தே இருக்காது.

ஆகவே இதை நன்றாகக் கவனியுங்கள். உறவுக்குப் பின் உதிரம், மாதவிலக்கு நின்றபின் உதிரம், துர்நாற்றமுள்ள வெள்ளை, காரணம் தெரியாத அடிவயிற்று வலி ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் நான் சொல்லும் வழக்கமான சோதனைக்குக் காத்திருக்கக் கூடாது. நாளையே டாக்டரைப் பார்க்க வேண்டும். வழக்கமான சோதனை என்பது எதுவும் இல்லாதவர்களுக்கு.

இதெல்லாம் படித்த பட்டணத்துப் பெண்களுக்கு, நமக்குச் சரிப்படாது என்று சொல்கிறவர்களுக்காகத் தமிழ்நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். திண்டுக்கல் மாவட்டத்து நிலக்கடலைக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் வேலை செய்யும் பெண்களைப் பற்றியது.

ஒட்டன்சத்திரத்துக்கு அருகில் அம்பிளிக்கை என்ற ஊரில் ஒரு கிறிஸ்துவ சமூக நல மருத்துவ நிலையம் உண்டு. பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் அந்த நிலையமும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் ஒரு வேலையைத் தொடங்கின. அதை முன்னின்று நடத்தியவர்களில் டாக்டர் ஆர். சங்கரநாராயணன் முக்கியமானவர். கிராமங்களை இரண்டு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் 30 முதல் 59 வயது வரை உள்ள 49,311 பெண்களைச் சோதனைக்கு அழைத்தார்கள். மற்றப் பகுதியில் வழக்கமாக இருந்த மருத்துவ வசதி மட்டுமே இருந்தது.

சோதனை செய்தவர்கள் பெரிய டாக்டர்கள் அல்லர். மூன்று வாரம் பயிற்சி பெற்ற தாதியர்கள். அவர்கள் கையில் இருந்ததும் பெரிய இயந்திரம் அன்று; சமையலறையில் ஊறுகாய்க்கு ஊற்றுகிறோமே, அந்தக் காடிதான். வினிகர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அதை நீர்த்த அளவில் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் பொறுத்தால், மாறிக்கொண்டிருக்கும் செல்கள் வெள்ளையாகத் தெரியும். அப்படித் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு பரிசோதித்து, தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தைக் குளிரூட்டி உறையவைத்தார்கள். அதையும் தாதியர்களே செய்தார்கள்.

2007-இல் முடிவுகள் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தன. சோதனைக்கு அழைக்கப்பட்ட கிராமங்களில் இந்தப் புற்றுநோய் கால் பங்கு குறைந்தது. இதனால் ஏற்பட்ட சாவு நூற்றுக்கு 35 குறைந்தது. ஒரே ஒரு தடவை பார்த்ததற்கே இந்தப் பலன்! மற்றப் பகுதிப் பெண்களுக்கு ஏன் சோதனை செய்யவில்லை என்ற கேள்வி பின்னால் எழுந்தது. நியாயமான கேள்விதான். அந்தப் பெண்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அழைக்கப்பட்ட 49,311 பேரில் சோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர். ஏறக்குறைய 18 ஆயிரம் பேர் வரவில்லை. ஊர் தேடி வந்து கூப்பிட்டும் வரவில்லை! அந்தப் பெண்களை நான் குறைசொல்ல மாட்டேன். அவர்கள் சொல்லியிருக்கக் கூடிய காரணங்களை நானும் நீங்களும் வீட்டிலிருந்தே எழுதிவிடலாம். வெட்கம், பயம், போன சம்பளம், 'அவர் என்ன சொல்வாரோ'.

முதலில் வெட்கத்தை எடுத்துக்கொள்வோம். மலேசியாவில் பாப் ஸ்மியர் சோதனை 1960-களின் கடைசியிலிருந்தே குடும்பக் கட்டுப்பாட்டுக் கிளினிக்குகளில் இருந்துவருகிறது. அவ்வளவு காலமாக இருந்தும் நம்மவர்கள் ஒதுங்கியதற்குக் காரணம், படுத்துக் காலை விரித்துக் கருவியை உள்ளே விடும் அந்த முறைதான். ஆம்பிளை டாக்டராக இருந்தால் என்ன செய்வது என்ற கவலை வேறு. இது அற்பக் காரணமா? நான் அப்படி நினைக்கவில்லை.

இப்போது அதற்கும் வழி வந்துவிட்டது. 2018-இல் மலாயாப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலியாவின் ஒரு நிறுவனமும் சேர்ந்து 'ரோஸ்' என்ற திட்டத்தை நம் நாட்டில் ஆரம்பித்தன. மலாயாப் பல்கலைக்கழகத்துப் பெண் மருத்துவர் பேராசிரியர் வூ யின் லிங் இதற்குத் தலைமை ஏற்றார். இந்த முறையில் காது குடையும் பஞ்சுக்குச்சியைக் கொஞ்சம் நீளமாக்கியது போன்ற ஒன்றை உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். திரைக்குப் பின்னாலோ கழிவறைக்கோ போய், நீங்களே உள்ளே செலுத்திச் சில தடவை சுழற்றி எடுத்துக் குழாயில் போட்டுக் கொடுக்க வேண்டியதுதான். யாரும் உங்களைப் பார்க்க வேண்டியதில்லை. யாரும் தொட வேண்டியதில்லை. ரோஸ் திட்டத்தில் முடிவைக் கைப்பேசிக்கே அனுப்புகிறார்கள். சுகாதார அமைச்சின் கிளினிக்குகளும் பழைய பாப் ஸ்மியருக்குப் பதிலாக இந்த எச்.பி.வி. சோதனைக்குக் கட்டம் கட்டமாக மாறி வந்திருக்கின்றன. 30 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு இது ஏற்றது. கிருமி இல்லை என்று வந்தால் மறுசோதனை ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகுதான். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஐந்து நிமிஷம்! இதற்கும் நேரமில்லை என்றால், தொலைக்காட்சித் தொடரில் ஒரு விளம்பர இடைவேளையைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன்.

பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிருமி இருக்கிறது என்று வந்தால் புற்றுநோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கூடுதலாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கூடுதல் சோதனைக்குக் கட்டாயம் போக வேண்டும். முடிவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பயத்தில் பேசாமல் இருந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சோதனையே செய்யாததைவிடக் கொடுமை. மேல்சோதனைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு, நம் பக்கம் என்றால் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கு, கடிதம் கொடுப்பார்கள். உருப்பெருக்கிக் காட்டும் கருவியால் அந்த இடத்தைப் பார்த்து, தேவையானால் கிள்ளுச் சதை எடுத்துப் பார்ப்பார்கள்.

பணம் பெரிய தடையாக இருக்க வேண்டியதில்லை. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஆனால் நாள் சம்பளம் போகிறதே, அதை நான் மறுக்க மாட்டேன். நாள்கூலிக்காரிக்கு ஒரு நாள் என்பது ஒரு வாரத்துக் காய்கறி. அதற்காகத்தான் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வரச் சொல்கிறேன். 2019-இல் அரசாங்கம் 'பெக்கா பி40' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. குறைந்த வருமானம் உள்ள, அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பங்களில் 40 வயதைக் கடந்தவர்களுக்கும் அவர்களுடைய துணைவருக்கும் அதில் இலவசப் பரிசோதனை உண்டு. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், மார்புப் பரிசோதனை எல்லாம் அடங்கும். திட்டத்தில் சேர்ந்திருக்கும் தனியார் கிளினிக்கிலும் செய்துகொள்ளலாம். சனிக்கிழமை திறந்திருக்கும் கிளினிக் என்றால் சம்பளமும் போகாது. புற்றுநோய் என்று தெரிந்து சிகிச்சையை முடிக்கிறவர்களுக்கு 1,000 வெள்ளி ஊக்கத்தொகையும், போக்குவரத்துக்குத் தீபகற்பத்தில் 500 வெள்ளி வரையிலும் இத்திட்டம் ஒதுக்கியது. அடையாள அட்டையைக் கொடுத்தால் உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று கிளினிக்கிலேயே பார்த்துச் சொல்வார்கள். தொழிற்சாலையில் சொக்சோ பிடிக்கப்படுகிறவர்கள், சொக்சோவின் மருத்துவப் பரிசோதனைத் திட்டம் தங்களுக்கு உண்டா என்று அலுவலகத்தில் கேளுங்கள். மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கும் பணம் அது. கேட்பதில் கூச்சம் என்ன?

சர்க்கரையைச் சும்மா பட்டியலில் சேர்க்கவில்லை. 2019-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில், நாட்டில் வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 31 பேர். மொத்தத்தில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது. கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறி, பிரசவத்துக்குப் பின் இறங்கிய தாய்மார்கள் இதை இரண்டு தடவை படியுங்கள். அது இறங்கியதே தவிர, மறந்து போகவில்லை. உங்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

மார்பு விஷயத்திலும் இப்படித்தான். நம் நாட்டுப் பெண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் அதுவே. குளிக்கும்போது கட்டியோ தோல் சுருக்கமோ காம்பு உள்வாங்கியோ தெரிந்தால், வலி இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். வலியில்லாத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும். மெமோகிராம் எந்த வயதில் தேவை என்பது குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்பதையும் பொறுத்தது, டாக்டரிடம் கேளுங்கள்.

வீட்டு ஆண்கள் இதைப் படித்தால், அவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. "எதுக்கு வீணா?" என்று கேட்காமல் இருந்தால் போதும். மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டால் இன்னும் நல்லது. வண்டிக்கு எண்ணெய் மாற்ற மைல் கணக்குப் பார்க்கிறீர்கள். வண்டி நின்ற பிறகா மாற்றுகிறீர்கள்?

ஆறாம் ஆண்டுப் பெண்பிள்ளைகளின் தாய்மார்களுக்கு இன்னொரு விஷயம். அடுத்த ஆண்டு இடைநிலைப் பள்ளியில் முதலாம் படிவத்துக்குப் போனதும், எச்.பி.வி. தடுப்பூசிக்குச் சம்மதக் கடிதம் வரும். 2010-இலிருந்து அரசாங்கம் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இதை இலவசமாகப் போட்டுவருகிறது. "வயசுப் பிள்ளைக்கு ஏன் இந்த ஊசி, நாலு பேர் என்ன நினைப்பார்கள்" என்று கையெழுத்துப் போடாமல் கடிதத்தை மடித்து வைத்த தாய் ஒருவரை எனக்குத் தெரியும். கிருமி வருவதற்கு முன் போட்டால்தான் அந்த ஊசி முழுப் பலன் தரும். அம்மைக்குப் போடும்போது நாலு பேர் ஒன்றும் நினைக்கவில்லையே! ஊசி போட்ட பிள்ளைகளும் முப்பது வயதுக்கு மேல் சோதனை செய்துகொள்ள வேண்டும்; எல்லா வகைக் கிருமிக்கும் அந்த ஊசி காவல் இல்லை.

தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து போங்கள். கோயில் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கச் சேருகிறோமே, அப்படி. சுங்கை காடுட்டில் 2011-இலிருந்து கொமுட்டர் ரயில் நிற்கிறது. அடுத்தது செனாவாங், அதற்கடுத்தது சிரம்பான். மாதவிலக்கு நாட்களில் எச்.பி.வி. சோதனைக்குப் போக வேண்டாம். அடையாள அட்டை, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைச் சோதனைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று முந்தின நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்தால் இன்னொரு நாள் சம்பளம் போகும்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்களுக்கும் சோதனை வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். வாய்ப்பகுதியையும் சேர்த்து எடுத்திருந்து, புற்றுநோயோ அதற்கு முந்திய மாற்றமோ இல்லாமல் வேறு காரணத்துக்காக எடுத்திருந்தால் பொதுவாகத் தேவையில்லை. வாய்ப்பகுதியை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் எடுத்திருந்தால் தேவை. உங்களுக்கு எது எடுத்தார்கள் என்று உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் மிஸி பார்த்துச் சொல்வார்.